சித்தரின் இன்னொரு கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் பெருங்களத்தூரில் செத்தவர்களுக்கு மவுசு கூடிப்போயிற்று. உயிரோடிருந்தபோது ஒரு தம்ளர் மோர் கொடுக்காதவர்களெல்லாம், அவர்கள் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள ஜி.எஸ்.டி. சாலைவரை வரிசையில் நின்றார்கள்.

காரணம் பச்சைச் சித்தர்.

"நகை சுடுகாட்டோட சரி. பச்சை ஒண்ணுதான் கூட வரும். கையில பேரு இல்லேன்னா, மேல உன் புருசன் உன்னை எப்பிடிக் கண்டுபுடிப்பான்?"

எந்தப் பெயரைக் குத்துவது என்று ஆவியே சொல்லும். சித்தர் தம் வெறுங்கையில் சாம்பலைத் தேய்ப்பார். இறந்தவர் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரியும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பத்தியம் உண்டு. மூன்று நாள் உப்பில்லாச் சோறு. மூன்று நாள் உடம்பில் சோப்புப் படக்கூடாது. அந்த வாடை ஆவிக்கு ஆகாதாம். காணிக்கை, இறந்தவர் அணிந்த பொருள் ஒன்று. தங்கமென்றால் ஆவி உடனே வரும். பித்தளைக்கு வழி தெரியாது.

சுந்தரவல்லி கணவரை இழந்து நான்கு மாதம். நூலகப் புத்தகம் ஒன்று விடாமல் படிக்கிறவள்தான். ஆனால் 'மேல எப்பிடிக் கண்டுபுடிப்பான்' என்ற வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. படித்தது எதுவும் துணைக்கு வரவில்லை. பத்தியம் இருந்தாள். அவர் போன பிறகும் தினமும் தானே சாவி கொடுத்து ஓடவிட்ட அவருடைய கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எதிர்வீட்டு அமலராணி துணைக்கு வந்தாள்.

வாசலில் சிஷ்யை கங்கையம்மாள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஆவியே பெயர் சொல்லும் இடத்தில் நோட்டு எதற்கு என்று கேட்க ஆளில்லை.

"செத்தவரு பேரு இன்னாம்மா?"

சுந்தரவல்லி கணவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. 'ஏங்க' என்பதிலேயே பதினொரு வருடக் குடித்தனம் ஓடிவிட்டது. கடிகாரத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கால் கழுவ ஒதுங்கினாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா. லக்ஷ்மிநாராயணன்னு எழுதிக்குங்க" என்றாள் அமலராணி. அடுத்தவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு கங்கையம்மாள் நோட்டோடு உள்ளே போனாள்.

உள்ளே சித்தர் திரைக்குப் பின்னால் தியானம் முடித்து, போர்வை போர்த்தி வந்தார். இடக்கையை நீட்டிச் சாம்பலைத் தேய்த்தார்.

"வந்துட்டாரும்மா உம் புருசன்! குளிர்ல நடுங்கிகினு கீறாரு!"

கையில் பெயர் தெரிந்தது: லக்ஷ்மிநாராயணன். பச்சை குத்துகிறவள் ஊசியை மையில் தோய்த்துச் சுந்தரவல்லியின் கையைப் பிடித்தாள்.

சுந்தரவல்லி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இது எங்க வீட்டுக்காரர்... இல்லை, வீட்டு ஓனர் பேரு! காலையில கூடக் கிணத்தடியில நின்னு சத்தம் போட்டாரே!"

"கேட்ல அந்தப் பேருதானே எழுதியிருக்கு? சார் பேருன்னு நெனச்சேன்க்கா" என்றாள் அமலராணி, அழமாட்டாத குறையாக.

சித்தர் அசரவில்லை. "கும்பல்ல ஆவி மாறி வரும். பேஜார் பண்ணாத. சரியான பேரை நீயே சொல்லு, கூப்புடறேன்."

"நானே சொல்லிட்டா நீங்க எதுக்கு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்தர் அவளை அதட்டக் கிட்டே குனிந்தார். மூன்று நாள் சோப்பு வாடையே படாத சுந்தரவல்லியின் மூக்கு. போர்வைக்குள்ளிருந்து வந்த, துணி துவைக்கும் பார் சோப்பின் வாடையைத் தவறவிடுமா?

"சாமி, இன்னொரு கையிலயும் சாம்பலைத் தேய்ங்க" என்றாள்.

"அது ஆசீர்வாதம் பண்ற கை!" போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

செய்த தப்பை ஈடுகட்டும் வேகம் அமலராணிக்கு. போர்வையை உருவினாள், சாம்பலை அள்ளி அந்தக் கையில் அப்பினாள். எழுத்துகள் வந்தன: தோத்தாத்ரி.

"ஐயோ, அது எங்கப்பா!" என்று அடுத்த டோக்கன்காரர் அலறினார். "என்னை இன்னும் கூப்பிடவே இல்லையே!"

மகன் உள்ளே வருமுன்பே தந்தை வந்து காத்திருந்தார், சோப்பில். திரையை விலக்கினால், பென்சில் போலக் கூர்சீவிய சோப்புத் துண்டு, பக்கத்தில் கங்கையம்மாளின் நோட்டு. சோப்பால் எழுதியது சாம்பல் ஒட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடினார். ஆவிகள் யாரும் உடன் ஓடவில்லை.

கடிகாரத்தை மீட்டுக்கொண்டு சுந்தரவல்லி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

"சார் பேரு நிஜமா என்னக்கா?"

"கேசவன்." முதல் தடவையாகச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். கையில் எழுதியிராமலே அந்தப் பெயர் பத்திரமாகத்தான் இருந்தது.

இப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு வேப்பமரம் பேசுகிறதாம். பக்தர்கள் அதை ஒன்பது தடவை சுற்றுகிறார்களாம். சுற்றட்டும். ஒரே ஒரு சுற்றாவது கண்ணைத் திறந்துகொண்டு சுற்றினால், மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவன் தெரிவான்.