குக்கர் வெயிட்டின் வேகம் குறித்த விசாரணை

ஒரகடத்துப் பக்கம் ஒரு பம்பு தொழிற்சாலை. 1991-ஆம் ஆண்டு அங்கே பாதுகாப்பு வாரத்தைத் தொடங்கிவைத்த நிர்வாக அதிகாரி நரசிம்மன், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தார். நல்லதாய்ப் போயிற்று. பெரிய குக்கரின் ஆவித் துளையைப் பருப்புத் தோல் அடைத்துக்கொள்ள, உள்ளே முட்டிக்கொண்டிருந்த ஆவி ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. வெயிட்டு பறந்துபோய் அவர் தலையில் ‘டங்’ என்றது.

சமையல் செய்யும் வடக்குப்பட்டு செந்தாமரை கரண்டியோடு ஓடிவந்தாள். “சார், உசுரு கீதா?”

உயிர் இருந்தது. ஆகவே விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் நரசிம்மனே.

விதி தெளிவானது. வெயிட்டு வேகமாக வந்திருந்தால் அதிகாரி மீது தாக்குதல். மெதுவாக வந்திருந்தால் பணியில் அசட்டை. இரண்டுக்கும் வேலைநீக்கம்தான். என்றாலும், ஒரு பெண்ணை எந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பதில் நிர்வாகம் நேர்மையாக இருக்க விரும்பியது.

செந்தாமரை வீட்டு அடுப்பு எரிவதே இந்தக் கேன்டீன் அடுப்பை நம்பித்தான்.

ஃபிட்டர் அப்பாவு முதல் சாட்சி.

“எவ்வளவு வேகம்?”

“செம வேகம் சார்.”

“நம்ம கம்பெனி பஸ்ஸைவிடவா?”

“அத்தவிட எருமையே வேகம் சார்.”

எருமையின் வேகம் குழுவுக்குத் தெரியாததால் சம்பவத்தையே மறுபடி நடத்திப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. அதே குக்கர், அதே பருப்பு, அதே தோல். அதே சமையல்காரியும் வேண்டும்; எனவே விசாரணை முடியும்வரை அவளை நீக்கக் கூடாது. நரசிம்மன் தலைக்குப் பதிலாக ஒரு பூசணிக்காய்க்கு ஹெல்மெட் மாட்டப்பட்டது. பெரிய வித்தியாசமில்லை என்று குழு ஏகமனதாகக் கண்டது.

அப்பாவு கையில் ஸ்டாப்வாட்ச். ‘டமார்’ என்றதும் மனிதர் மேஜைக்கு அடியில் பாய்ந்தார்.

“எவ்வளவு?”

“நிறுத்தல சார். இன்னும் ஓடிக்கினு கீது.”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சோதனை நேரத்தில் பாதுகாப்பு கருதி உற்பத்தி லைன் நிறுத்தப்பட்டது. எல்லோரும் வேப்பமர நிழலில் சாய்ந்தார்கள். பருப்பு சோதனைக்கென்று பூட்டிவைக்கப்பட்டு அரசாங்க ரகசியம்போல் ஆகிவிட்டதால் சாப்பாட்டுக்குப் படப்பையிலிருந்து பிரியாணி வந்தது. தலைவருக்கு ஜீப் வந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் குன்றத்தூர்ச் சந்தையில் பூசணிக்காய் அரிதாகிவிட்டது.

ஒருநாள் அப்பாவு பாயவில்லை. சத்தம் காதுக்குப் பழகிவிட்டிருந்தது.

“சார்! அளந்துட்டேன் சார்!”

பிரியாணிக் கைகள் பாதியில் நின்றன. செந்தாமரை முகத்தில் ரத்தமே இல்லை.

“யோவ், உன்ன யாருய்யா அளக்கச் சொன்னது?” என்றது மர நிழலிலிருந்து ஒரு குரல்.

நரசிம்மன் மெல்ல எழுந்து வந்தார். ஸ்டாப்வாட்ச்சை வாங்கி, முள்ளைப் பார்க்காமலே பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

“கை நடுங்கியிருக்கும் அப்பாவு. எதுக்கும் நாளைக்கு இன்னொரு தரம் பார்த்துரலாம்.”

கைதட்டல் கேன்டீன் கூரையைப் பிளந்தது. அப்பாவுவும் சேர்ந்து தட்டினார்.