ஆறு வருஷத்துக்கு ஒரு முத்திரை

என் அக்கா பெற்ற ஒரே ஆண்பிள்ளையும், முழுநேரப் படையில் நான்கு வருஷமாகத் துப்பாக்கி தூக்குகிறவனுமாகிய மருமகனுக்கு, உன் தாய்மாமன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து எழுதுவது. (யார் தலையில் என்பது போகப் போகத் தெரியும்.) இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆறு வருஷம் நீ சனி ஞாயிறு மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ரிசர்வ் படைக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே உன் அம்மாவிடம் சொன்னேன், "அக்கா, இவன் ஓடுற ஓட்டமெல்லாம் ஒருநாள் கணக்குல வராமப் போகப்போகுது, எழுதி வெச்சுக்க" என்று. "நீ முதல்ல சாப்பிட்ட தட்டை எடு" என்றாள். தீர்க்கதரிசிக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

போன மாசம் நீ போனில், "மாமா, குடும்பக் குவார்ட்டர்ஸுக்குப் பத்து வருஷ சர்வீஸ் கேக்கறாங்க. இங்க நாலு, ரிசர்வ்ல ஆறு. பழைய ஆபீஸ்ல என் சர்வீஸ் தாளுக்குப் பின்னாடி ஒரு சீல், ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிடுங்க. அவளுக்கு எட்டாம் மாசம், பொறக்கறதுக்குள்ள இங்க கூட்டிட்டு வந்துடணும்" என்றாய். "ஒரு மணி நேர வேலைடா" என்றேன். இப்போதும் சொல்கிறேன், அது ஒரு மணி நேர வேலைதான்.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் மடிப்பெல்லாம் நைந்து கிடக்கிறது. நான் ஏழாவது வரை படித்தவன், எட்டாவதுக்குத்தான் என்னைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காகிதத்தின் அருமை எனக்குத் தெரியும். உன் ஆறு வருஷமும் நூறு வருஷம் அழியாமல் இருக்கட்டும் என்று, போகிற வழியில் ஜெராக்ஸ் கடையில் முன்னும் பின்னும் கனமான லேமினேஷன் போட்டேன். என் மீசையே அதில் தெரிந்தது. அப்படியே உன் பழைய ஆபீஸில் மூன்றாம் ஜன்னலில் நீட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா அம்மா திருப்பிப் போட்டு ஓங்கிக் குத்தினாள். மசி முத்து முத்தாகத் திரண்டு, வழுக்கிக்கொண்டு மேஜைக்கு இறங்கியது. மறுபடி குத்தினாள். அவள் முழங்கையில் மட்டும் "சரிபார்க்கப்பட்டது" என்று விழுந்தது.

"பெரியவரே, யாரு இதுக்குச் சட்டை மாட்டினது?"

"பாதுகாப்புக்கும்மா."

"பட்டாளத்துக்கே பாதுகாப்பா? போய்ப் பிரிச்சு எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து ஆவி காட்டினேன், இஸ்திரிப் பெட்டி வைத்தேன், உன் அத்தை "விட்டுடுங்க, விட்டுடுங்க" என்று கத்தக் கத்த, ஒரே இழுப்பில் உரித்தேன். பிளாஸ்டிக் வீரமாக வெளியே வந்தது, உன் முதல் நான்கு வருஷத்தையும் கூட அழைத்துக்கொண்டு. தாளில் மிச்சம் நின்றது கடைசி இரண்டு வருஷமும் உன் ரத்த வகையும்தான்.

மறுநாள் இரண்டையும் கொண்டுபோனேன். "ஆறுல நாலு எங்கங்க?" என்றாள் அந்த அம்மா. "இதுல இருக்கும்மா, வெளிச்சத்துல காட்டினாத் தெரியும்" என்று பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறி நின்றது. அவள் போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வாரத்துக்கு ரெண்டு நாள் வந்ததை ஆறு வருஷம்னு எப்படிங்க சொல்றது?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "வாரத்துல ஏழு நாளும் அவன் ஒட்ட வெட்டின தலையோடதான் திரிஞ்சான் சார்! கல்யாணத்துல கூட!" என்று கர்ஜித்தேன். ஆபீஸே எழுந்து நின்று கைதட்டியது. "தலைமுடிக்கு ஃபாரத்துல இடம் இல்லைங்க. மாடியில பழைய வருகைப் பதிவேடு இருக்கு, பாப்போம்" என்றார். லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடி. முழங்கால் போனது அங்கேதான். தூசி தட்டித் தேடி, ஆறு வருஷத்துப் பதிவேட்டையும் கண்டுபிடித்து, மூச்சு வாங்க இறங்கி வந்தால், காலண்டரைப் பார்த்துவிட்டு, "பழைய சர்வீஸைச் சரிபார்க்கிற கெடு நேத்தோட முடிஞ்சுதுங்க" என்கிறார்.

அவ்வளவுதான் மருமகனே. போனது போனதுதான். நீ இன்னும் ஆறு வருஷம் பாரக்கில்தான் படுக்க வேண்டும், பிள்ளை உன்னை போட்டோவில் பார்த்துத்தான் அப்பா என்று சொல்லும். உன் பெண்டாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் அம்மாதான் சொன்னாள். அந்தப் பெண் பயணத்துக்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்பவும் அலமாரியில் வைத்தாள். நான் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

மனதைத் தளரவிடாதே. நீ நூறு வயசு இருந்து, எல்லைகளையும் என் பெயரையும் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உனக்காக நாலு மாடி ஏறிய மாமன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஒரு ஓரம் கிழிந்தால் கோபித்துக்கொள்ளாதே. இத்துடன் ஆபீஸ் கடிதம் ஒன்று இருக்கிறது. பதிவேடு சரியாக இருக்கிறது, சர்வீஸ்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் புதுத் தாளே தருகிறோம், இரண்டு நாள் லீவு கொடுங்கள் என்று உன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறார்கள். இதற்கு லேமினேஷன் போடவில்லை. உடனே புறப்படு, கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வீட்டுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. எந்த நேரம் என்று எனக்கு முன்கூட்டியே தெரிவித்தால், நான் வெளியே போயிருப்பேன். அந்த அதிகாரி அப்படிச் சொல்லவே இல்லை; உரித்த தாளோடு உன் முகத்தில் முழிக்கத் தைரியமில்லாமல், கெடுவை நானேதான் முடித்துவிட்டேன்.