வரியில்லாத காட்டில் முள்ளம்பன்றி வெட்டிய கிணறு

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால், எந்தக் காடு, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்கிற காலம் இது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வரி போடுகிற காடு. பெயர் பெருங்காடு. அங்கே வேலப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி, தன் மனைவி செங்கமலத்தோடு குடியிருந்தான்.

பெருங்காட்டில் சிங்கத்தின் ஆட்சி. தோண்டி எடுக்கிற கிழங்கில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். டோக்கன் மெஷின் என்று ஒன்று உண்டு, அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. கவுண்ட்டரில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "சர்வர் டவுன், மத்தியானம் வாங்க" என்று சொல்லும். மத்தியானம் போனால் அதற்குச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். இதையெல்லாம்கூட வேலப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வான். அவன் வயிற்றெரிச்சல் முழுக்கக் காவல் வரி மேல்தான்.

"என் முதுகைக் கொஞ்சம் பாருங்க சார்" என்பான் நாரையிடம். "என்னைத் தொட்டவன்தான் ஓடிப்போய்க் காவல் கேக்கணும். எனக்கு எதுக்கு இந்த வரி?"

நாரை அவனைத் தாண்டிப் பின்னால் பார்க்கும். "அடுத்தவங்க" என்று கூப்பிடும். அவ்வளவுதான் பதில்.

இன்னொரு புண்ணும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கிணறு வெட்ட வேண்டும் என்பது வேலப்பனின் நெடுநாள் ஆசை. அனுமதி கேட்டுப் படம் வரைந்து கொடுத்தான். பார்வையிட வந்த தேவாங்கு அதிகாரி தன் பெரிய கண்ணை விரித்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "படி எங்க?" என்று கேட்டார். மாற்றி வரைந்து கொடுத்தான். "ரெண்டு பக்கமும் படி வேணும்" என்றார். வேலப்பனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மண்ணைத் தோண்டுவதற்கென்றே பிறந்த இனம் நாங்கள், எங்களுக்கு மரத்தில் தொங்குகிறவன் வந்து பாடம் எடுக்கிறானே என்று படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் ஒரு குரங்குத் தரகர் போட்ட வீடியோ வந்தது. மேட்டுக்காடு, தெற்கே நாலு மலை தாண்டி. வரி கிடையாது, கவுண்ட்டர் கிடையாது, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இங்கே ஒரு வளைக்குக் கொடுக்கிற பணத்துக்கு அங்கே ஒரு குன்றே கிடைக்கும். குரங்கு கேமராவைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. எங்கு பார்த்தாலும் காலி இடம். காலியாக ஏன் இருக்கிறது என்று வேலப்பனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நமக்குக் கதை ஏது?

"ஏங்க, அங்க ஆஸ்பத்திரி இருக்கா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நமக்கு என்ன நோவு?"

"ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஏதாவது ஒண்ணுன்னா இங்க மட்டும் என்ன கிழிக்கிறாங்க? டோக்கன் கிழிக்கிறாங்க. அதுவும் மெஷின் ஓடினாத்தான்."

வேலப்பன் முடிவு எடுத்துவிட்ட பிறகுதான் தன்னிடம் யோசனை கேட்பான் என்பது செங்கமலத்துக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. சாமான்களைக் கட்டினாள். கிளம்புகிற அன்றைக்கு வேலப்பன் வேலை மெனக்கெட்டு வரி அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒரு சொற்பொழிவு ஆற்றினான். முதுகெலும்பு உள்ளவன் எவனும் இங்கே நிற்க மாட்டான் என்றான். வரிசையில் நின்ற நத்தை ஒன்றுதான் தலையாட்டியது.

மேட்டுக்காடு வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது, அதுதான் ஆச்சரியம். தரகர் பொய் சொல்லவில்லை. காற்று சுத்தமாக இருந்தது. கிழங்கு மண்ணுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடந்தது. தோண்டியதெல்லாம் வீட்டுக்கே வந்தது. அக்கம்பக்கத்தாரும் தங்கமானவர்கள். வந்த அன்றே கழுதைப்புலி மாயாண்டி சாமான் இறக்க ஒரு கை கொடுத்தான். வௌவால் இருளாயி தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஊர் விவரம் அத்தனையும் சொன்னாள். கச்சபேசன் என்கிற வயதான ஆமை, சாயங்காலம் புறப்பட்டு மறுநாள் காலையில் வந்து சேர்ந்து நலம் விசாரித்தார். செல்போனுக்கு மட்டும் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். வேலப்பன் தினமும் ஏறினான். ஏறிப் பெருங்காட்டு மச்சினனைக் கூப்பிட்டு, "என்னடா, இன்னும் லைன்லதான் நிக்கிறியா?" என்று விசாரித்தான்.

தண்ணீர்தான் கொஞ்சம் தூரம். சரிவில் இறங்கி ஓடைக்குப் போய் வர அரை நாள் ஆகிவிடும். மாயாண்டி, இருளாயி எல்லாரும் அப்படித்தான் போய் வந்தார்கள், யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வேலப்பனுக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

"கமலம், கிணறு வெட்டப் போறேன்."

"படி வெச்சு வெட்டுங்க."

இதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாவிட்டால் ஒருவேளை அவனே வைத்திருப்பான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தேவாங்கின் கண்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "படி வெக்கச் சொல்ல இங்க எவன் இருக்கான்?" என்று கேட்டுவிட்டு, வட்டமாகக் கோடு போட்டு நேர் செங்குத்தாக இறங்கினான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன். பக்கச்சுவர் வழவழவென்று இருந்தது. ஒரு மேடு பள்ளம் கிடையாது, கால் வைக்க ஓர் இடம் கிடையாது. மண்ணைக் கூடையில் அள்ளிக் கொடுக்கக் கொடுக்க, மேலே செங்கமலம் கொடியைப் பிடித்து இழுத்துக் கொட்டினாள். கூடையைத் தூக்கத்தான் அந்தக் கொடி தாங்கும். ஆள் ஆழத்துக்குப் போய்விட்டான். கடைசியில் ஒரு கல்லைப் பெயர்த்தபோது ஊற்று பீறிட்டு அடித்தது.

"தண்ணி வந்துடுச்சு கமலம்" என்று கத்தினான். சந்தோஷத்தில் ஓர் ஆட்டம்கூடப் போட்டான். அப்புறம் மேலே ஏறலாம் என்று அண்ணாந்து பார்த்தான். வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. ஏற வழி எங்கேயும் தெரியவில்லை.

சுவரில் காலை வைத்தான், வழுக்கியது. இப்போதாவது படி வெட்டுவோம் என்று கீறினான், ஈரமண் பொலபொலவென்று அவன் தலையிலேயே விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது. பெருங்காட்டில் நீச்சல் வகுப்பு இலவசமாக நடந்தது, இலவசமாகக் கொடுப்பது எதுவும் உருப்படியாக இருக்காது என்று போகாமல் விட்டவன் அவன்.

செங்கமலம் சிக்னல் பாறைக்கு ஓடினாள். பெருங்காட்டு அவசர உதவிக்குப் போன் போட்டாள். ஊளையிடுவோர் ஒன்றை அழுத்தவும், கனைப்போர் இரண்டை அழுத்தவும் என்று ஒரு கிளி பேசியது. எதையோ அழுத்தினாள். உயிருள்ள குரல் ஒன்று வந்தது. "நீங்க எங்க எல்லையைத் தாண்டி இருக்கீங்கம்மா. கடைசியா வரி கட்டின நம்பர் இருந்தா சொல்லுங்க, பார்க்கிறேன்" என்றது. நம்பர் இருந்த ரசீதை வேலப்பன் கிளம்புகிற அன்றே கொளுத்திவிட்டான். போனை வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரிடம் ஓடினாள்.

கூப்பிட்ட உடனே எல்லாரும் வந்தார்கள், பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்த கச்சபேசன்கூட வந்துவிட்டார். நான்தான் சொன்னேனே, தங்கமானவர்கள். மாயாண்டி தலையை உள்ளே விட்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தான். எட்டவில்லை. வெட்டும்போது வேலப்பன் விளிம்பில் உதிர்த்திருந்த முட்களில் மூக்கில் மூன்று குத்து வாங்கிக்கொண்டு திரும்பினான். கோபித்துக்கொள்ளவும் இல்லை. அப்புறம் எல்லாரும் கொறிக்க ஆளுக்கொரு தினைப் பொட்டலத்தோடு கிணற்றைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். இருளாயி பக்கத்துக் கிளையில் தொங்கினாள்.

"பயப்படாதீங்க வேலப்பன்" என்றான் மாயாண்டி. "முடியற வரைக்கும் நாங்க எல்லாரும் இங்கயேதான் இருப்போம்."

"எது முடியற வரைக்கும்?"

மாயாண்டி மூக்கைத் தடவிக்கொண்டான். "போன மழைக்கு ஒரு முயல் பழைய குழியில விழுந்துச்சுங்க. இப்படித்தான் சுத்தி உட்கார்ந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தோம். அது ஆசைப்பட்ட கேரட்டைக்கூடத் தேடிக் கொண்டாந்து போட்டோம்."

"எப்படித் தூக்கினீங்க?"

"தூக்கலை" என்றாள் இருளாயி. "நல்ல முயல்."

செங்கமலத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இது உதவிக்கு வந்த கூட்டம் இல்லை, துக்கத்துக்கு வந்த கூட்டம். எழுந்து நேரே பனைமரத்துத் தூக்கணாங்குருவிகளிடம் போனாள். ஆளைத் தூக்குகிற கனத்தில் ஒரு கயிறு பின்ன முடியுமா என்று கேட்டாள். கூட்டமாகச் சேர்ந்தால் உடனே பின்னிவிடலாம், ஒரு மூட்டை தினை ஆகும் என்றன குருவிகள். வீட்டில் இருந்ததோ ஒரு சட்டி. திரும்பி வந்து, ஆளுக்குக் கொஞ்சம் தினை போடுங்கள் என்று கேட்டாள்.

ஆளாளுக்குத் தினைப் பொட்டலத்தை மெல்லப் பின்னால் தள்ளி வைத்தார்கள்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா" என்றாள் இருளாயி. "தனியாக் கேட்டா என் வீட்டையே எழுதித் தருவேன். ஆனா எல்லாரும் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டா அதுக்கு என்ன பேரு? நான் ராத்திரியில கண்ணு தெரியற ஜீவன். என்கிட்டப் போயித் தெருவிளக்கு வரி கேட்டாங்க. வேணாம்னுதான் இங்க வந்தேன்."

"என்கிட்டக் குப்பை வரி" என்றான் மாயாண்டி. "ஊர்க் குப்பையைத் தின்னு தீர்க்கிறவனே நான்தான்."

ஆமைக் கச்சபேசன் கழுத்தை நீட்டினார். "என்கிட்ட வீட்டு வரி. நான் வீட்டை முதுகில தூக்கிட்டுத் திரியறவன். அதை விடும்மா. இப்போ இந்தக் கயித்தையே எடுத்துக்கோ. நான் கிணத்துல விழுந்தா எனக்கு அது சொகம். தண்ணியில கிடக்கிறவனுக்குக் கயிறு எதுக்கு? நான் ஏன் அதுக்குக் குடுக்கணும்?"

உள்ளே இருந்த வேலப்பனுக்கு முதலில் கைதட்டத் தோன்றியது. எவ்வளவு சுத்தமான வாதம். இதைத்தானே அவன் வருஷக்கணக்காக நாரையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த ஊரில் மொத்தப் பேரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்தபோது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. அதற்குள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"ஐயா, பொது நன்மைன்னு ஒண்ணு இருக்கு" என்றான் கீழே இருந்து.

"சிங்கமும் இதைத்தான் சொல்லுச்சு" என்றார் கச்சபேசன்.

"நாளைக்கு உங்க பேரப்பிள்ளைங்க..."

"அதுங்களும் ஆமைங்கதானே தம்பி."

வேலப்பன் யோசித்து யோசித்துப் பார்த்தான். கச்சபேசனை மடக்க ஒரு பதில்கூடக் கிடைக்கவில்லை. இருந்தால் தன்னையே என்றைக்கோ மடக்கியிருக்கும். தண்ணீர் கழுத்தைத் தொட்டது. அவனுக்கு அழுகை வந்தது. சாகப் பயமாக இருந்தது. அதைவிட, சொந்த வாதம் கழுத்தை நெரித்துச் சாகப் போகிறோமே என்பது மகா கேவலமாக இருந்தது. நீதிக்கதை என்றால் இந்த இடத்தில் அவன் மனம் திருந்த வேண்டும். திருந்துவதற்கு அவகாசம் இல்லை. மோவாய் நனைந்த கலவரத்தில், காலமெல்லாம் காதில் விழுந்து ஊறிப்போன ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது. நாரையின் குரலில், அதே சலிப்போடு, கிணறு எதிரொலிக்கச் சொன்னான்.

"அடுத்தவங்க."

மாயாண்டி சட்டென்று எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவன் பின்னால் இருளாயி வந்து தொங்கினாள். எல்லாரும் ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு கவுண்ட்டருக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். கால்கள் தாமாகவே வரிசை கட்டின. யாரோ யாரையோ இடையில் புகாதே என்று அதட்டினார்கள். செங்கமலம் கெட்டிக்காரி, ஒரு வார்த்தை பேசாமல் சாக்கை விரித்து வரிசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தினை விழுந்தது.

"அடுத்தவங்க" என்றான் வேலப்பன், தண்ணீரைத் துப்பிவிட்டு.

கடைசியாகக் கச்சபேசன் வந்தார். "எவ்வளவு நேரம் நிக்க வெக்கறீங்க, வயசானவன்" என்று சிடுசிடுத்துக்கொண்டே தன் பங்கைக் கொட்டினார். அப்புறம் ஒரு கையை நீட்டியபடி நின்றார். "ரசீது?"

செங்கமலம் ஓர் ஆலிலையைக் கடித்துப் பல் பதித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு, முன்னால் போனவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ரசீது வேண்டும் என்று திரும்பி வந்து நின்றார்கள்.

குருவிகள் சொன்னபடி கயிறு பின்னித் தந்தன. வேலப்பன் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற நிலையில் கயிற்றைப் பல்லால் கவ்வினான். ஊரே சேர்ந்து இழுத்தது. மேலே வந்து விழுந்தவன் வெகுநேரம் இருமினான். செங்கமலம் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். மாயாண்டி கண் கலங்கினான். முயலுக்கு வாய்க்காதது இவனுக்கு வாய்த்ததே என்று இருளாயி சொன்னாள்.

"அப்போ அவ்வளவுதானே தம்பி?" என்றார் கச்சபேசன். "கயிறு ஆச்சு, ஆளும் ஆச்சு. இத்தோட முடிஞ்சுதா?"

வேலப்பன் எல்லாரையும் சுற்றிப் பார்த்தான். கும்பிட்டு நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கயிறு மழையில கிடந்தா மக்கிப் போயிடும்" என்றான். "ஒரு கொட்டகை போடணும்."

"நியாயம்தான்" என்றான் மாயாண்டி.

"கொட்டகைக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்றேன். மத்தியானமா வாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மேஜை போட்டுக் குடுத்திடுங்க. சாயற மாதிரி நாற்காலி இருந்தா நல்லது."

செங்கமலம் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

நீதி: வரியிலிருந்து முழுசாகத் தப்பிக்க உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அது வரி வாங்குகிற மேஜைக்குப் பின்பக்கம். அதற்காக நாலு மலை தாண்டி வீடு மாற்ற வேண்டியதில்லை.