அசல் முனியராஜ்

"இது நீங்க இல்லையே" என்றான் டென்னிஸ், ஆதார் அட்டையை எதிரே இருந்தவனின் காதோரம் பிடித்துப் பார்த்து.

"ஆதார்ல யாரு சார் அவுக மாதிரியே இருக்காக?"

நியாயமான வாதம்தான். ஆனால் அட்டையில் இருந்த முனியராஜுக்கு வழுக்கை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கோ எண்ணெய் வழியும் சுருட்டை முடி. டெங்கு தடுப்பூசி போட்டால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று இம்யூனாலஜி முதுகலைப் படிப்பில் டென்னிஸுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தாயில்பட்டி சமுதாயக் கூடத்தில் புதுத் தடுப்பூசி ஒன்றின் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. போன மாதம் ஊசி போட்டவர்களிடம் இப்போது ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசி போட்டபோது இருந்த மேற்பார்வையாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, அந்த இடத்துக்கு டென்னிஸ் வந்திருந்தான். முனியராஜைத் தவிர எல்லோருடைய ரத்தமும் வந்தாயிற்று. "ஒரு ஆள் குறைஞ்சாலும் உங்க ஒப்பந்தத்த நீட்டிக்க மாட்டேன்" என்று ஆய்வுத் தலைவி டாக்டர் ஜெயக்கொடி அன்போடு சொல்லியிருந்தார். மதுரைக்குப் போகும் வேன் சாயங்காலம் கிளம்பிவிடும்.

"முனியராஜ் உங்களுக்கு யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரரு. எம் பேரு சண்முகவேல். மாமா பட்டாசுக் கம்பெனியில லோடு ஏத்திக்கிட்டு இருக்காக. ஒரு ஆளுக்குத் தோதுப்படலேன்னா வீட்டுல இன்னொரு ஆளு போறது வழக்கம்தான சார்? கம்பெனியிலயே ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"இது திரி கிள்ளுற வேலை இல்லய்யா! ஊசி போட்ட உடம்புலதான் ஆன்டிபாடி இருக்கும். ஆள மாத்தினா ஆய்வே நாசமாப் போகும்!"

"அதுக்குத்தான சார் நானே..."

"பேசாதீங்க! இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். போலீசுக்குப் போன் போடவா?"

போலீஸ் என்றதும் சண்முகவேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். அறிவியலைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு டென்னிஸ் நர்ஸ் ஹெப்சிபாவைப் பார்த்தான்.

"ஏங்க்கா, நீங்கதான ஊசி போட்டது? ஆளு முகம் ஞாபகம் இல்லையா?"

"நான் கையத்தான் சார் பாப்பேன். மூஞ்சியிலயா ஊசி போடுறேன்?"

பட்டாசு ஆலைக்குள் யாரும் கைபேசி வைத்திருக்க முடியாது என்பதால் டென்னிஸ் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனான். வாசலில் வாட்ச்மேன் பையைத் திறந்து ஒரு பாட்டிலை வெளியே எடுத்தார்.

"இது என்னது?"

"ஸ்பிரிட். ஊசி குத்துற இடத்துல தொடைக்க."

"பட்டாசுக் கம்பெனிக்கு ஸ்பிரிட்டா? எங்கள மொத்தமா மேல அனுப்பவா வந்திருக்கீக?" என்று கேட்டுவிட்டு வாட்ச்மேன் விசிலை ஊதினார்.

விசில் சத்தத்துக்கு உள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. கழுத்தில் அட்டை, தோளில் பை, முகத்தில் எல்லாம் தெரிந்த களை. இப்படி ஒருவர் ஆலை வாசலில் நின்றால் அவர் சோதனைக்கு வந்த அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் அன்றைக்குப் பத்துப் பேர் இருந்தார்கள்.

"ஏலே, ஆபீசர் வந்துட்டாருலே! ஓடுங்கலே!"

பின்பக்க வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் எல்லோரும் மறைந்தார்கள். முதலில் தாண்டிய தலை வழுக்கைத் தலை என்பதை மட்டும் டென்னிஸ் தெளிவாகப் பார்த்தான்.

டென்னிஸின் கழுத்து அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து, போர்மேன் ஜெயக்கொடிக்கே போன் போட்டுவிட்டார். அடுத்த நிமிடம் டென்னிஸின் போன் அடித்தது.

"ஒரு ஆள் ரத்தம் கேட்டா, ஒரு கம்பெனியவே மூடிட்டீங்களாமே?"

"அசல் ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன் மேடம்."

"எங்க?"

"ஓடிட்டு இருக்காரு மேடம்."

இனி ஒரே வழி முனியராஜின் மனைவி. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வேல்விழியிடம், எளிமையாகச் சொன்னால் புரியும் என்று நினைத்து, டென்னிஸ் எளிமையாகச் சொன்னான்.

"உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல ஒண்ணு இருக்கும்மா. இன்னைக்கே எடுத்தாகணும்."

குடம் கையிலிருந்து நழுவியது. "என்ன சார் இருக்கு?"

"பயப்படாதீங்க. டெங்கு சம்பந்தப்பட்டதுதான்."

"அய்யோ!"

"ஒண்ணுமில்லம்மா, ஐஸ் பெட்டியில வச்சு மதுரைக்கு அனுப்பிருவோம்."

ரத்தத்தைத்தான் சொன்னான். ஆனால் வேல்விழி போட்ட கூப்பாட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அய்யம்மாள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றாள். வேப்பிலையோடு ஒருத்தி வந்தாள். "நல்ல மனுசன்" என்று முனியராஜைப் பற்றி யாரோ இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்கள். டென்னிஸ் விளக்க விளக்க அழுகை கூடியது.

ஆனாலும் காரியம் நடந்தது. ஆனைக்குட்டத்துச் சித்தப்பா வீட்டில் பதுங்கியிருந்த முனியராஜுக்குத் தான் பிழைப்பது கஷ்டம் என்ற செய்தி எட்டியது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துவர, ஆட்டோவில் வந்து சமுதாயக் கூடத்தில் இறங்கினார்.

டென்னிஸ் இந்தமுறை ஏமாறத் தயாராக இல்லை. வழுக்கையைப் பார்த்தான். காது மடலைப் பார்த்தான். பெயர், அப்பா பெயர், பிறந்த வருடம் எல்லாவற்றையும் கேட்டான். அசலேதான். ஹெப்சிபா வழக்கம்போலக் கையை மட்டும் பார்த்து ரத்தம் எடுத்தார். குழாய் ஐஸ் பெட்டிக்குள் போனது. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மதுரைப் பக்கம் பறந்தது.

டென்னிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயக்கொடிக்குப் போன் போட்டான்.

"அசல் ஆள் ரத்தம் வேன்ல வருது மேடம்!"

"வெரிகுட் டென்னிஸ். போலி ஆள் ரத்தம் கலந்திருந்தா மொத்த ஆய்வையும் குப்பையில போட்டிருக்கணும். உங்கள மாதிரி கவனமான ஆள்தான் எனக்கு வேணும். ஒப்பந்தத்த ரெண்டு வருசத்துக்கு நீட்டிச்சாச்சு."

டென்னிஸ் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முனியராஜுக்குத் தன் கையாலேயே பழச்சாறு டப்பாவில் உறிஞ்சுகுழாயைச் செருகிக் கொடுத்தான்.

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல அண்ணாச்சி. நீங்க நல்லா இருப்பீக."

போன உயிர் திரும்பிவந்த முனியராஜ், சாற்றைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, இன்னொரு கையின் சட்டையைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்:

"அப்பிடியே அந்த ஊசியையும் போட்டுவிட்டுருங்க சார், போன மாசம் லோடு கிடந்துச்சுன்னு மச்சினன் சண்முகவேலத்தான் அனுப்பிவிட்டேன்."