தொண்ணூத்தாறு அண்ணனும் வடலூர் பிரேக்கும்

இத்தனை வருஷமா நெய்வேலியில குப்பை கொட்டுறேன். ஆளே இல்லாத ரோட்டுல, பட்டப்பகல்ல, இண்டிகேட்டர் போட்டு இருபதுல திரும்புற ஒரே பிறவி எங்க எதிர் குவார்ட்டர்ஸ் தொண்ணூத்தாறு அண்ணன்தான்.

அது வண்டி நம்பர் இல்லை, அவர் வாங்கின மார்க். அண்ணனுக்கு மைன்ஸ்ல மண் அள்ளுற டம்பர் லாரி ஓட்டுற வேலை. அங்கே முன்னால எடுக்க ரெண்டு ஹாரன், பின்னால எடுக்க மூணு ஹாரன் அடிக்கணுமாம். தன் குட்டிக் காருக்கும் அதே சட்டத்தை வச்சிருந்தார். காலங்காத்தால அந்தச் சத்தத்துக்கு நான் திட்டாத நாள் கிடையாது.

கண்ணுல புரை ஆபரேஷன் ஆனதும், சென்னையில இருக்கிற அவர் மகள் காரை வித்துடலாம்னு ஆரம்பிச்சா. அண்ணன் கெஞ்சினதுல ஒரு ஒப்பந்தம் ஆச்சு. இன்சூரன்ஸ்காரங்க போன்ல ஒரு ஆப் போட்டுத் தர்றாங்க. எவ்வளவு வேகம், எத்தனை தடவை திடீர் பிரேக்னு அது கவனிச்சு நூத்துக்கு மார்க் போடும். நல்ல மார்க்னா அடுத்த வருஷ பிரீமியத்துல தள்ளுபடி. அந்த மார்க் மகள் போன்லயும் தெரியும். அவளுக்குத் தள்ளுபடி முக்கியமில்லை. ரினீவல் வரைக்கும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினா கார் கிடையாது, அவ்வளவுதான்.

இதுல எனக்கும் சுயநலம் உண்டு. என் வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன். ஆட்டோவுல ஏத்தினா ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் அலறுவார். அண்ணன் கார்ல குறட்டை விடுவார். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு அந்தக் கார்தான் எங்களுக்குக் கதி.

ஆப் வந்ததும் மனுஷனுக்கு முத்திப்போச்சு. தெருமுனையில நாய் படுத்திருந்தா முன்கூட்டியே வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அதை எழுப்பி அனுப்பிட்டு வருவார். காடாம்புலியூர்ல வாங்கின பலாப்பழத்தைப் பின் சீட்டுல கட்டாம வச்சு ஓட்டிட்டு வந்து, ஒரு இஞ்ச் நகரலைன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ரினீவலுக்குப் பத்து நாள் இருக்கிறப்போ கார் சர்வீஸுக்குப் போச்சு. அன்னைக்குப் பார்த்து கடலூர்ல ஒரு கல்யாணம். அண்ணனும் நானும் பிரைவேட் பஸ் ஏறினோம். வடலூர்ல டிரைவர் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணி அடிச்சார் பாருங்க ஒரு பிரேக், என் கைப்பை முன் சீட்டுக்குப் போயிடுச்சு. அண்ணன் சட்டைப்பையில போன் சிணுங்குச்சு. எடுத்துப் பார்த்தவருக்கு முகம் செத்துப்போச்சு. பஸ்ஸை ஓட்டுறதும் அவர்தான்னு அந்த ஆப் நினைச்சிருக்கு.

போனை அணைச்சிடுங்கன்னேன். அணைச்சா மகள் பயந்துடுவாளாம். எழுந்து போய் டிரைவர் பக்கத்துல நின்னுக்கிட்டு, கடலூர் வரைக்கும் மெதுவா போப்பா, மெதுவா போப்பான்னு ஒரே பாராயணம். டைமிங் போகுதுன்னு டிரைவர் கத்தக் கத்த, மார்க் எழுபத்தொண்ணுக்கு இறங்கிடுச்சு.

இறங்கின கையோட மகள் போன். ஸ்பீக்கர்ல போட்டார்.

"வடலூர்ல என்னப்பா பண்ணீங்க?"

"பஸ்ஸுல சும்மா உக்காந்துகினு இருந்தேம்மா."

"உக்காந்துகிட்டுதானேப்பா எல்லாரும் ஓட்டுறாங்க."

பஸ் கதையை அவ நம்பலை. நான் சாட்சி சொன்னதுக்கு, உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை கார் வேணும், நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க அத்தைன்னுட்டா. ஞாயித்துக்கிழமை காரைப் பார்க்க ஆளோட வர்றாளாம். அண்ணன் கல்யாணச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவர் இலையைப் பார்த்ததும் நானும் என் இலையை மூடிட்டேன்.

மறுநாள் அண்ணன் என்னையும் கூட்டிக்கிட்டுப் போய், அந்த டிரைவரை பஸ் ஸ்டாண்டுல பிடிச்சு, வீடியோ கால்ல மகள் முன்னால நிறுத்தினார்.

"ஓட்டுனது நான்தாங்க மேடம். உங்கப்பா பக்கத்துல நின்னுகினு என் உயிர எடுத்தாரு. அவரு சொன்ன மாதிரி ஓட்டுனா இந்த பஸ்ஸு நாளைக்குத்தான் கடலூர் போவும்."

அதைக் கேட்டு மகள் சிரிச்சா பாருங்க, எங்களுக்கு உயிர் வந்துச்சு. அன்னைக்கு ஓட்டினது நான் இல்லை, பயணியாப் போனேன்னு குறிக்க ஆப்லயே ஒரு இடம் இருக்காம். அவளே தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னா, என் கையால அழுத்தினேன். மார்க் ஏறிப் பழையபடி தொண்ணூத்தாறுல நின்னுச்சு. அப்பாடான்னு பிளாட்ஃபாரத்துலயே உக்காந்துட்டேன்.

பத்து நாள்ல தள்ளுபடியும் வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல டிரைவருக்கு ஒரு பலாப்பழம் போச்சு. அவர் ஓட்டுற ஓட்டுக்கு அது வடலூர் வரைக்கும் சீட்டுல நின்னிருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரை ஏத்தி, கதவைச் சாத்தினேன். அண்ணன் ஹாரன்ல கையை வச்சுட்டு, திட்டுவேனோன்னு என்னைப் பார்த்தார்.

"அடிங்கண்ணே"ன்னேன். "தெரு முழுக்கக் கேக்கட்டும்."