பனிவாரிக்கு ஐந்து பூச்சு

பூச்சுக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. புத்தர் பெருமான் எல்லா உயிர்களிடத்திலும் கருணை வைக்கச் சொல்லியிருப்பதால் நாமும் இவர்களிடம் கருணை வைக்கத்தான் வேண்டும். ஆனால் பனிக்காலத்தில் அது கொஞ்சம் சிரமம்.

கோடையில் பார்த்தால் இவர்கள் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வயலுக்குப் போவார்கள், வெள்ளரிக்காய் கடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. மார்கழி பிறந்து எங்கள் எச்சிகோ மலையடிவாரத்தில் முதல் பனி விழட்டும், அப்போது பாருங்கள். எங்கள் பனி பஞ்சு மாதிரி பறக்கிற பனி அல்ல. கனத்த ஈரப்பனி. கைப்பிடி வைத்த இரும்பு முறம் போன்ற பெரிய பனிவாரியை இரண்டு கையாலும் தள்ளி, ஒரு பாரம் அள்ளி, ஓடைவரை இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தால், அடிப்பிடித்த சோறு மாதிரி அது வாரியிலேயே உட்கார்ந்திருக்கும். தட்டினாலும் விழாது, உதைத்தாலும் விழாது. ஊர்வலமாகக் கூட்டிப்போன பனியை வீட்டுக்கே திரும்ப அழைத்து வருவோம்.

அதனால் வாரியில் எதையாவது வழுக்கலாகப் பூசுவது ஊர் வழக்கம்தான். பூஜை மாடத்தில் எரிந்து மிஞ்சின மெழுகுவத்தித் துண்டை எடுத்து, வாரியின் வயிற்றில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, எல்லாரும் வேலைக்குப் போவார்கள். பூச்சுக்காரர் போகமாட்டார். அவருக்குப் பூச்சுதானே வேலை?

எங்கள் ஊர்ப் பூச்சுக்காரர் பெயர் தொகுஜி. ஐம்பத்தெட்டு வயது. நெல் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலை. சாது. யாரையும் கடிந்து பேசினதில்லை. ஆனால் தெருவில் உங்கள் வாரியைப் பார்த்தால் நின்றுவிடுவார். நகத்தால் சுரண்டுவார். மோந்து பார்ப்பார். என்ன பூசினீர்கள் என்று கேட்பார். நீங்கள் எதைச் சொன்னாலும், வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாரே, அப்படிப் பிதுக்குவார். பக்கத்து வீட்டுக் கைம்பெண் கியோனோ ஒருமுறை வறுத்து மிஞ்சின எண்ணெய் பூசினேன் என்று சொல்லிவிட்டாள். அது ஏன் கூடாது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், அவள் பெருக்கி வைத்திருந்த வாசலில் மறுபடி நாலு விரற்கடை பனி ஏறிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு அன்றைக்கு அம்மாவின் ஏழாம் வருஷத் திதி.

கோயில் குருக்கள் ஒன்பது மணிக்கு வருவார். அன்றைக்கு அவருக்கு நாலு வீடு. பனிக்காலத்தில் வழி திறக்காத வீட்டு முன்னால் அவர் காத்திருப்பதில்லை. ரோட்டோரமாக நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தொகுஜியின் அம்மா கண்மூடும்போது நிலம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. திதி அன்றைக்குக் குருக்களை வீட்டுக்குள்ளே உட்கார்ந்து ரெண்டு வரி ஓதச் சொல்லு என்று மட்டும் கேட்டாள். மகன் சரி என்று தலையசைத்தவர். அம்மா என்றால் அவருக்கு உயிர். அந்த உயிரால்தான் வந்தது வினை. மற்ற நாளானால் மூன்று பூச்சோடு விட்டிருப்பார்.

விடிகாலையில் கதவைத் திறந்தால் இடுப்பளவு பனி. வாசலிலிருந்து ரோட்டுக்கு முப்பது தப்படி. உடனே தொடங்கினால் முடிந்துவிடும் என்று மனைவி மசுவே சொன்னாள். இந்த வாரியை வைத்துக்கொண்டா என்று அவர் கேட்டார். முதல் பூச்சு மெழுகுவத்தி. அதன்மேல் தவிட்டைத் துணியில் கட்டி ஒரு தேய்ப்பு. பிறகு கார் துடைக்கிற மெழுகு. பிறகு தலைக்கு வைக்கிற காமெலியா எண்ணெய், ஏழே சொட்டு, எட்டானால் கெட்டது. கடைசியில் மறுபடி மெழுகுவத்தி, இந்த முறை குறுக்குவாட்டில். ஒவ்வொரு பூச்சும் ஊற வேண்டுமே? அதற்காகத்தான் வாரியை, கால் நீட்டிக் குளிர்காய்கிற கணப்பு மேசைக்கு அடியில், மெத்தைப் போர்வைக்குள், குழந்தையைப் போலப் படுக்க வைத்தார். மசுவேயின் கால்கள் போர்வைக்கு வெளியே கிடந்தன.

"வாரிக்குக் குளிருதா?" என்றாள்.

"சூடு பட்டாத்தான் மெழுகு உள்ள இறங்கும். உனக்கு எங்க புரியப்போவுது."

"எனக்குக் கால் குளிருது. அது புரியுது."

எட்டு மணிக்கு வாரி வெளியே வந்தது. கண்ணாடி போல மின்னிற்று. இப்போதுதான் இடித்த அரிசி மாவு உருண்டை போல இளஞ்சூடாகவும் இருந்தது. அங்கேதான் எல்லாம் போயிற்று. சூட்டு இரும்பில் பட்ட பனி உருகும், உருகினது அந்தக் குளிரில் உடனே உறையும், உறைந்தது விடுமா? முதல் பாரமே கல்யாணப் பெண் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. தட்டினார். குலுக்கினார். வாரியைத் தலைக்குமேல் தூக்கிக் கவிழ்த்து, அதற்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அப்போது மட்டும் கொஞ்சம் விழுந்தது, கழுத்துப்பட்டிக்குள்ளே.

வேறு யாராவது என்றால் என்ன நினைத்திருப்பார்கள்? சூடு தப்பு என்று நினைத்திருப்பார்கள். இவரோ ஒரு பூச்சு குறைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போனார்.

மசுவே வெளியே வந்தாள். இரவெல்லாம் இறவாரத்தடியில் கிடந்து கல்லாய்க் குளிர்ந்திருந்த பழைய நசுங்கின வாரியை எடுத்தாள். பனி அதிலிருந்து வாழைத்தண்டு போல வழுக்கி விழுந்தது. ரோட்டுப் பக்கத்திலிருந்து கியோனோ தன் வாரியோடு வெட்டிக்கொண்டே வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் எங்கடி?"

"வாரியைத் தூங்கவெச்சிட்டு இருக்காரு."

அதற்குப்பிறகு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியதில்தான் கொஞ்சம் நேரம் வீணாயிற்று. ஒன்பது மணி. குருக்கள் ரோட்டோரத்தில் வந்து நின்றார். நடுவில் இன்னும் ஐந்து தப்படிப் பனி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கும்பிடுவதற்காக இரண்டு கையையும் மேலே கொண்டுபோனார். மசுவே வாரியை இன்னும் வேகமாகத் தள்ளினாள்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தொகுஜி வந்தார், மின்னுகிற வாரியோடு.

"சாமி, ஒரு நிமிஷம். இதோ தயாராயிடுச்சு."

குருக்கள் நல்ல மனிதர். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். "என்னப்பா பூசியிருக்கே, இந்தப் பளபளப்பு?"

கேட்டிருக்கக் கூடாது. தொகுஜி வாசலில் நின்றபடியே முதல் பூச்சிலிருந்து தொடங்கினார். தவிட்டைப் புதுசாக எடுக்க வேண்டும் என்றார். குறுக்குவாட்டின் தத்துவம் சொன்னார். குருக்களின் கை கும்பிடுவதற்குப் பாதியில் நின்றது, இறங்கவும் இல்லை, கூடவும் இல்லை. நாலாம் பூச்சில் ஏழாவது சொட்டு விழும்போது பெண்கள் கடைசித் தப்படியையும் வெட்டி முடித்தார்கள்.

"வழி ஆயிடுச்சு சாமி, வாங்க" என்றாள் மசுவே. குருக்கள் ஏறக்குறைய ஓடி உள்ளே வந்தார்.

அம்மாவின் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் குறையாமல் ஓதினார். இரண்டு வரி கேட்டவளுக்கு முழுசாகவே கிடைத்தது. தொகுஜி கண் கலங்க முன்னால் நகர்ந்து, மண்டியிட்டு, ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூள் எடுத்துத் தணலின்மேல் விரலை விரித்தார். விழவில்லை. மெழுகும் எண்ணெயும் ஊறின விரல்களில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார். இன்னும் இறுகிற்று. ஓதுகிற குரல் ஓர் இடத்தில் நடுங்கினதைத் திதிக்கு வந்திருந்த நாங்கள் எல்லாரும் கேட்டோம். பக்தியால் என்றே வைத்துக்கொள்வோம். மசுவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சட்டைக் கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் அவள் காதோரம் குனிந்தார்.

"பாத்தியா, அந்தப் பூச்சு இல்லேன்னா சாமி நின்னிருப்பாரா?"

பனியே விழாத ஊரில் இருக்கிற நமக்கென்ன என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிப்பதற்குமுன் மூக்குக்கண்ணாடியை எத்தனை தரம் துடைத்தீர்கள்? துடைக்கிற துணியை ஒருமுறை உதறிக்கூடப் பார்த்தீர்கள், இல்லையா? அப்போது உங்கள் வீட்டில் யாரோ வேறு ஏதோ வேலைக்காக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களே, என்னவென்று போய்க் கேட்டீர்களா?