ராகுகாலத் தோட்டாக்கள்

மிட்சம், லண்டன்
வியாழக்கிழமை

பாசமுள்ள மச்சான் பிரதாபனுக்கு,

ரொறன்ரோவில் நீரும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் படுத்துவிட்டது.

முப்பத்தெட்டு வருஷம் பார்மசியில் மருந்து நிறுத்துக் கொடுத்தவன் நான். ஓய்வெடுத்ததும் றைபிள் கிளப்பில் சேர்ந்தது உமக்குத் தெரியும். தொள்ளாயிரம் மீற்றர் தள்ளி இருக்கிற இலக்கைச் சுட வேண்டும். கடைத் தோட்டா அவ்வளவு தூரத்துக்கு ஒன்றுபோல் போகாது, நீயே செய்துகொள் என்று கிளப்பில் சொன்னார்கள். அதற்கென்ன, நிறுப்பதுதானே நம்ம தொழில் என்று துள்ளிக்கொண்டு தராசு வாங்கினேன், கருவி வாங்கினேன், லைசென்சுக்கு வீடு பார்க்க வந்த பொலிஸ்காரருக்கு என் மனுஷி தவமலர் வடை கொடுத்தாள், சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்து ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததுக்கும் தூசி வித்தியாசம் வராமல் வெடிமருந்து நிறுத்து நிறுத்துப் போட்டேன். கொண்டுபோய்ச் சுட்டால், ஐயோ மச்சான், சிதறுதேங்காய்! ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று பக்கத்து வெள்ளைக்காரனின் இலக்கில். அந்த மனுஷன் எனக்கு 'தாங்க் யூ' சொன்னான்.

எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு கிழமை தோட்டா முனையில் இருக்கிற சன்னம், அடுத்த கிழமை மருந்து, பிறகு சன்னம் எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன், எல்லாவற்றையும் நாள், நேரம் போட்டுக் கொப்பியில் எழுதுவேன். பதினாலு மாதம்! இடையிடையே ஒரு பெட்டி மட்டும் ஒரு சாசருக்குள் அடங்குகிற மாதிரி விழும். அதே மருந்து, அதே நிறை, அதே கை. அடுத்த பெட்டி திரும்பவும் சிதறல். வருகிற ஞாயிறு கிளப் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அறுபத்தாறு வயதில் எனக்கு இதைவிட்டால் வேறு சந்தர்ப்பமே இல்லை.

திங்கட்கிழமை மகள் மேனுஷா கொப்பியை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டாள். "அப்பா, நல்லாச் சுட்டதெல்லாம் ரெண்டு நேரத்திலதான் செய்திருக்கிறீங்கள். செவ்வாய் மூண்டிலயிருந்து நாலரை, வெள்ளி பத்தரையிலயிருந்து பன்னிரண்டு."

தவமலர் கரண்டியோடு ஓடிவந்தாள். "அது ராகுகாலமெல்லே! நான் கோயில்ல துர்க்கை அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏத்துற நேரம். உங்கட கெட்டித்தனம் எண்டே நினைச்சனீங்கள்? அம்மாள்தான் கொண்டுபோய் நடுவில விட்டிருக்கிறா."

நாள் பார்க்காமல் கலியாணம் கட்டியவன் நான். அட்டமியில் வீடு வாங்கியவன். ராகுகாலம் பார்க்கிறவர்களைத் திட்டித் திரிந்த இந்த வாயை இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்? சொல்லவே வெட்கம், முந்தநாள் செவ்வாய் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கென்று முப்பது தோட்டா செய்தேன். அதைக் கொண்டுபோனால் வெல்வேன். வென்றால் நான் இவ்வளவு காலமும் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். வேண்டாம் மச்சான், விட்டுவிடப் போகிறேன். நாளைக்கே கிளப் செயலாளருக்கு எழுதிவிட்டு றைபிளையும் விற்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லும். இந்த ராகுகாலக் கதையைச் சொல்ல வேண்டாம். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கடவுளிடம் கேட்கவில்லை, சும்மாதான் சொல்கிறேன்.

மனம் நொந்துபோன,
ஞானரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல், கடைசியாக ஒரு தடவை நிறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன். தராசில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. சமையலறையில் தவமலர் மீன் பொரிக்கிறாள், புகை இழுக்கிற ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. போய் அணைத்தேன், காற்றோடு எண்ணும் அசையாமல் நின்றது. திரும்பப் போட்டேன், ஆடியது. அவள் கோயிலுக்குப் போகிற நேரம் மட்டும்தான் ஃபேன் ஓடுவதில்லை, அவ்வளவுதான் மச்சான்! ராகுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சொல்லிவிட ஓடினேன். நான் வாய் திறக்க முதல் அவள், "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். நீங்கள் வெல்லவேணுமெண்டு ரெண்டு விளக்கு கூடுதலா ஏத்தினனான்" என்றாள். பதினாலு மாதத்தில் ஒரு நாள்கூட கிளப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்! றைபிளை விற்கவில்லை. ஃபேன் கதையை அவளிடம் மூச்சும் விடாதேயும். நாளை வெள்ளி, பத்தரைக்கு அவள் கோயிலுக்குப் போவாள்; நானும் பயபக்தியோடு நிறுக்க உட்காருவேன்.